எந்தக் கொடியின் கீழ்?

இந்தியக் கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவை 2022-ல் நீங்கியது. ஆனால் பிரிட்டிஷார் கடலில் வகுத்த கொடி இலக்கணம் இன்னும் நம் கப்பல்களில் பறக்கிறது. அது வெறும் துணி விவகாரம் அல்ல என்பது குமரி மாவட்ட மீனவர்களுக்குத் தெரியும்.

குண்டலுபேட்டையில் கடல் கிடையாது. செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூக்கும் வயல்கள், அவற்றுக்கு அப்பால் பந்திப்பூர் காடு, இரவு 9 மணிக்குக் காட்டுச் சாலை மூடப்படுவதற்குள் கடந்துவிடத் துடிக்கும் லாரிகள். இவைதான் ஊரின் அடையாளங்கள். ஆனால் இரண்டு கடல்களுக்குப் போகும் சாலைகள் இங்கே சந்திக்கின்றன. ஒன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது. இன்னொன்று கூடலூர், ஊட்டி, கோவை, திருச்சி என்று நாகப்பட்டினம்வரை நீள்கிறது. நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் தரப்படுவதற்கு முன்பு, நாகப்பட்டினத்தில் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலை 67 முடிந்த இடம் குண்டலுபேட்டைதான்.

சாலைகளின் மறுமுனையில் உள்ள இரண்டு ஊர்களும் அந்நியக் கொடிகளை நன்றாக அறிந்தவை. கோழிக்கோட்டுக் கடலில் 16-ம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் ஒரு புது வழக்கத்தைப் புகுத்தினார்கள். தங்களிடம் 'கார்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிப்பார்கள், சரக்கைப் பறிப்பார்கள். அதுவரை யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த அரபிக் கடலுக்கு முதலாளி வந்தது அப்போதுதான். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் கொடி இறங்கி 1658-ல் டச்சுக் கொடி ஏறியது. அதுவும் 1781-ல் இறங்கி ஆங்கிலேயர் கொடி ஏறியது. கொஞ்சம் வடக்கே தரங்கம்பாடியில் 1845 வரை டென்மார்க் கொடி. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் 1954 வரை பிரெஞ்சுக் கொடி. ஒரே சோழமண்டலக் கரையில், பாய்மரக் கப்பலில் ஓரிரு நாள் பயணத்துக்குள், நான்கு தேசத்துச் சட்டங்கள்.

கரையில் கொடி அலங்காரமாக இருக்கலாம். கடலில் அப்படி அல்ல. கப்பலின் பின்புறம் பறக்கும் கொடிதான் அது யாருடைய கப்பல், எந்த அரசின் சட்டம் அதில் செல்லும், அதைத் தொட்டால் யார் பீரங்கியோடு வருவார்கள் என்று சொல்கிறது. கொடியை இறக்கினால் சரணடைந்ததாகப் பொருள். இந்த இலக்கணத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனவர்களில் முதலிடம் பிரிட்டிஷாருக்கு.

கோட்டையின் பெயரில் ஒரு சிலுவை

வெள்ளைத் துணியில் செந்நிறச் சிலுவை. இது இங்கிலாந்தின் காவல் புனிதரான செயின்ட் ஜார்ஜின் அடையாளம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இன்றும் கூடுவது அந்தப் புனிதரின் பெயர் தாங்கிய கோட்டையில்தான்.

1606-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் ஒரே அரசராக இருந்த முதலாம் ஜேம்ஸ், இரு நாட்டுச் சிலுவைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யூனியன் கொடியை உருவாக்கினார். அது முதலில் கப்பல்களுக்காகப் பிறந்த கொடி. இரு நாட்டு மாலுமிகளும் கடலில் அடையாளம் காட்டவே அது தேவைப்பட்டது. 1801-ல் அயர்லாந்தின் சிலுவையும் சேர்ந்து இன்றைய யூனியன் ஜாக் ஆனது.

கம்பெனிக்குத் தனிக் கொடி இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கிடைக்கோடுகள், கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் செயின்ட் ஜார்ஜ் சிலுவை. பின்னாளில் அந்த மூலைக்கு யூனியன் ஜாக் வந்தது. அமெரிக்கப் புரட்சிக்காரர்கள் 1776 வாக்கில் ஏற்றிய முதல் கொடியும் ஏறக்குறைய இதேபோல் இருந்தது. அமெரிக்கக் கொடியின் கோடுகள் கம்பெனிக் கொடியிலிருந்து போனவையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள்.

1687-ல் சென்னை ஆளுநர் எலிஹு யேல் கோட்டைக் கம்பத்தில் யூனியன் கொடியை ஏற்றினார். வியாபாரம் செய்ய வந்த கம்பெனியின் கோட்டையில் அரசரின் கொடி. பார்ப்பவர்களுக்குச் செய்தி புரிந்திருக்கும்: இனி இந்தக் கிடங்கைத் தொடுவது இங்கிலாந்து அரசரைத் தொடுவதாகும்.

அதே காலத்தில் மைசூரை ஆண்டவர் சிக்கதேவராஜ உடையார். தன் தந்தையின் நினைவாகக் குண்டலுபேட்டையில் பரவாசுதேவர் கோயிலைக் கட்டியவர் அவர். யேல் கொடி ஏற்றிய 1687-ல் உடையார் மொகலாயரிடம் பெங்களூரைவிலை பேசி வாங்கிக்கொண்டிருந்தார். மைசூர் அப்போது நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த அரசு. கடலைப் பற்றிய கவலை அதற்கு வர இன்னும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

கடலை இழந்த மைசூர்

அந்தக் கவலை ஹைதர் அலிக்கு வந்தது. 1763-ல் பிதனூரை வென்றபோது மங்களூர் துறைமுகம் அவர் கைக்கு வந்தது. உடனே கப்பல் கட்டத் தொடங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1780 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் மங்களூரில் நின்ற மைசூர்க் கப்பல்களை அழித்தார். திப்பு சுல்தான் 1796-ல் மீண்டும் முயன்றார். கடற்படைக்கென்று தனி நிர்வாகம், சுமார் நாற்பது போர்க்கப்பல்கள் என்று பெரிய திட்டம். மூன்று ஆண்டுகளில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திட்டமும் முடிந்தது.

1792 உடன்படிக்கையில் மலபார் போயிருந்தது. 1799-ல் மங்களூர் உள்ளிட்ட கன்னடக் கடற்கரையும் கோவையும் கம்பெனிக்குப் போயின. வயநாடும் சில ஆண்டுகளில் கை மாறியது. மிஞ்சிய மைசூருக்கு ஒரு சாண் கடற்கரைகூட இல்லை. குண்டலுபேட்டை எல்லை ஊராயிற்று. அங்கிருந்து எந்தப் பக்கம் மலையிறங்கினாலும் கம்பெனி நிலம், அதற்கப்பால் கம்பெனிக் கடல்.

கம்பெனி எதைக் கைப்பற்றியது என்பதைவிட எதை விட்டுவைத்தது என்பது கவனிக்க வேண்டியது. அரண்மனை, யானை, தசரா எல்லாம் உடையார்களுக்கு. துறைமுகம் மட்டும் கிடையாது. கடல் வழி இல்லாத அரசர் வெளிநாட்டோடு கூட்டுச் சேர முடியாது. திப்பு பிரெஞ்சுக்காரர்களோடு பேசியதை அவர்கள் மறக்கவில்லை.

மூன்று நிறம், மூன்று சாதி

பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு காலத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்த நிறத்தில் கொடி. போரில் இது குழப்பம் தந்தது. 1864-ல் அணிகளை ஒழித்து நிறங்களைப் பங்கிட்டார்கள். 'ஒயிட் என்சைன்' போர்க்கப்பலுக்கு. 'புளூ என்சைன்' அரசுப் பணியில் உள்ள மற்றக் கப்பல்களுக்கு. 'ரெட் என்சைன்' வணிகக் கப்பல்களுக்கு. மூன்றிலும் மேல் மூலையில் யூனியன் ஜாக்.

காலனிகளுக்கு இந்த ஏணியில் இடம் எங்கே? நீலத்தில். அதிலும் ஓர் அடையாளச் சின்னம் பொறித்த நீலத்தில். இந்தியாவுக்கு வாய்த்த சின்னம் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற நட்சத்திரம். வானத்து ஒளியே எம் வழிகாட்டி என்ற பொருளில் அதில் ஆங்கில வாசகம். பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இந்திய மரைன் கப்பல்கள் இந்த நட்சத்திரம் பதித்த நீலக் கொடியைத்தான் பறக்கவிட்டன. 1612-ல் சூரத்தில் தொடங்கிய வரலாறு அந்தப் படைக்கு உண்டு. ஆனாலும் போர்க்கப்பல்களுக்கான வெள்ளைக் கொடி கிடைக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1934 அக்டோபர் 2-ம் தேதி அது ராயல் இந்தியக் கடற்படை ஆயிற்று.

வணிகக் கப்பல் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 1894-ம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்தின் 73-வது பிரிவு, பிரிட்டிஷ் பிரஜை யாருக்குச் சொந்தமான கப்பலானாலும் அதன் கொடி மாற்றமில்லாத ரெட் என்சைன்தான் என்றது. மீறினால் 500 பவுன் வரை அபராதம். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த இந்தியரும் பிரிட்டிஷ் பிரஜையே.

இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு தூத்துக்குடியைப் பார்க்க வேண்டும். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அடுத்த ஆண்டு 'கேலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி-கொழும்பு வழியில் அதுவரை ஏகபோகம் செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் முழங்கியது வந்தே மாதரம். ஆனால் சட்டப்படி அந்தக் கப்பல்களுக்கு உரிய தேசியக் கொடி எதிரியின் கப்பலில் பறந்த அதே ரெட் என்சைன்தான். முதலாளி தமிழர், பயணிகள் தமிழர், பணம் தமிழர்களுடையது. கொடி மட்டும் லண்டனுடையது. சுதேசிக் கப்பலுக்கென்று ஒரு சுதேசிக் கொடியைச் சட்டம் கற்பனைகூடச் செய்யவில்லை.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நாற்பது ஆண்டுத் தண்டனை; மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே செங்கொடியின் கீழ்தான் இந்திய மாலுமிகள் உழைத்தார்கள். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட அவர்கள், முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 50,000 பேர் இருந்தார்கள். கொடி ஒன்றுதான், ஆனால் வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம், லஸ்கருக்கு அதில் ஒரு சிறு பங்கு.

கொடியில் பொய் சொல்வதற்கும் கடலில் எல்லை உண்டு. 1914 செப்டம்பர் 22-ம் தேதி சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மன் கப்பல் எம்டன், அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்ற அதில் போலியாக ஒரு புகைபோக்கி வைத்திருந்தார்கள். ஆனால் சுடுவதற்கு முன் ஜெர்மன் கொடியை ஏற்றினார்கள். ஏமாற்றலாம், ஆனால் சொந்தக் கொடியைக் காட்டாமல் சுடக் கூடாது என்பது போர்க் கடலின் சட்டம். தமிழில் கில்லாடிக்கு 'எம்டன்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

இறங்கிய கொடிகள்

ஆட்சியின் உயிர் கொடியில் இருக்கிறது என்று ஆள்பவர்கள் நம்பினால், எதிர்ப்பவர்களும் அங்கேதான் குறி வைப்பார்கள். 1932 ஜனவரி 26-ம் தேதி அதிகாலையில், ஆர்யா என்றழைக்கப்பட்ட பாஷ்யம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் உயரமான கம்பத்தில் ஏறி யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு மூவர்ணக் கொடியைக் கட்டினார். கடற்கரையில் நின்ற கப்பல்களுக்கு அடையாளம் காட்டிய கம்பம் அது. அன்று விடியலில் அது காட்டிய அடையாளம் வேறு.

1946 பிப்ரவரி 18-ம் தேதி பம்பாயில் 'தல்வார்' கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோசமான சாப்பாடு, இனவெறி வசவுகள், சம்பளப் பாகுபாடு. சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று அது பரவியது. சென்னைத் தளத்திலும் எதிரொலி கேட்டது. பிரிட்டிஷ் கொடிகள் இறங்கின. அந்த இடத்தில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் சேர்ந்து ஏறின. ஒரு வாரத்துக்குள் தலைவர்களின் அறிவுரையை ஏற்று மாலுமிகள் பணிந்தார்கள். ஆனால் கடற்படைக் கொடியையே மாலுமிகள் இறக்க முடியும் என்று தெரிந்தபின் எந்த அரசும் நிம்மதியாகத் தூங்காது.

1947 ஆகஸ்ட் 15-ம் தேதி விடியுமுன் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தரையில் அன்றே மாற்றம் வந்துவிட்டது. கடலில் வரவில்லை.

போன சிலுவை, நின்ற மூலை

1950 ஜனவரி 26-ம் தேதி இந்தியக் கடற்படை தன் கொடியை மாற்றியது. மூலையில் இருந்த யூனியன் ஜாக் போய் மூவர்ணம் வந்தது. ஆனால் செந்நிறச் சிலுவை அப்படியே நின்றது. மரபு என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து 2001 ஆகஸ்ட் 15-ம் தேதி சிலுவையை எடுத்துவிட்டு நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தைப் பதித்தார்கள். கடலும் வானமும் நீலம், சின்னமும் நீலம். தூரத்தில் தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. 2004 ஏப்ரலில் சிலுவை திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சிங்கங்களோடு. 2014-ல் சிங்கங்களின் கீழ் 'சத்யமேவ ஜயதே' சேர்ந்தது.

2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் பணியில் சேர்ந்த நாளில் பிரதமர் நரேந்திர மோடி புதிய கொடியை வெளியிட்டார். அடிமைத்தனத்தின் சுமை இறங்கியது என்றார். சிலுவை இருந்த இடத்தில் நீல எண்கோணம். சத்ரபதி சிவாஜியின் முத்திரையிலிருந்து எடுத்த வடிவம் என்று விளக்கம் தரப்பட்டது.

இருந்தும் அந்தக் கொடியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். வெள்ளைத் துணி, மேல் மூலையில் தேசியக் கொடி. இந்திய வணிகக் கப்பலின் கொடி: சிவப்புத் துணி, மேல் மூலையில் மூவர்ணம். கடலோரக் காவல் படையின் கொடி: நீலத் துணி, மேல் மூலையில் மூவர்ணம். 1864-ல் லண்டனில் பிரித்த மூன்று நிறங்களும் அதே வேலையைத்தான் இங்கே செய்கின்றன. சொற்கள் நம்முடையவை, இலக்கணம் அவர்களுடையது.

நாகப்பட்டினத்துக்காரர்கள் இதை ஒரே கப்பலில் பார்த்திருக்கிறார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' 1926-ல் கட்டப்பட்டது. வ.உ.சி.யோடு மோதிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் தகரப் பெட்டியோடு அதில் ஏறி மலேயா போனார்கள். 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. பின்புறம் சிவப்புக் கொடி இறங்கி இன்னொரு சிவப்புக் கொடி ஏறியது. மாறியது மூலை மட்டும்தான். ஆனால் அந்த மூலைதான் எல்லாம்: அன்று முதல் அந்தக் கப்பலில் இந்தியச் சட்டம்.

கொடியில்லாத படகு

இலக்கணம் அந்நியமாக இருந்துவிட்டுப் போகட்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும்கூட அதைத்தான் கற்றன. கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கொடி தன் கீழே இருப்பவர்களைக் காக்கிறதா என்பது.

2012 பிப்ரவரி 15-ம் தேதி, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆண்டனி' என்ற விசைப்படகு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவர், கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்தவர். ஒருவர் குமரி மாவட்டத்துத் தமிழர்.

வழக்கு கொலையைப் பற்றியது. வாதமோ கொடியைப் பற்றியது. சுட்டவர்கள் நின்றது இத்தாலியக் கொடி பறந்த கப்பலில். ஆகவே விசாரிக்கும் உரிமை இத்தாலிக்கே என்றது அந்நாடு. படகு மாநிலச் சட்டப்படி பதிவு பெற்றதே தவிர வணிகக் கப்பல் சட்டப்படி பதிவு பெறவில்லை, அதில் இந்தியக் கொடியும் பறக்கவில்லை என்ற வாதமும் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் கார்த்தாஸ் இல்லாத மலபார்ப் படகிடம் கேட்ட கேள்விதான் இது: சீட்டு எங்கே, கொடி எங்கே?

2013-ல் உச்ச நீதிமன்றம், விசாரிக்கும் அதிகாரம் கேரளத்துக்கு இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றது. பிறகு விவகாரம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020-ல் வந்த தீர்ப்பு, இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியதாகவும் இழப்பீடு பெற இந்தியாவுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. ஆனால் அரசுப் பணியில் இருந்த வீரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்றது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. எந்த இந்திய நீதிமன்றத்திலும் கொலை விசாரணை நடக்கவில்லை.

பெரிய கப்பல்களிலும் கதை எளிதல்ல. உலகின் சரக்குக் கப்பல்களில் பெரும் பங்கு இன்று பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகளின் கொடிகளில் ஓடுகிறது. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, மாலுமி ஒரு நாடு. வரியும் விதியும் குறைவான கொடியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலைக்குப் போகும் இளைஞருக்குச் சம்பளம் நின்றாலோ, கப்பல் அந்நியத் துறைமுகத்தில் முடங்கினாலோ, முதலில் முறையிட வேண்டியது அவர் கண்ணால் பார்த்தேயிராத ஒரு நாட்டிடம்.

கடற்படைக் கொடியில் சிலுவை இருக்கலாமா கூடாதா என்று எழுபது ஆண்டுகள் தயங்கி, எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தோம். அது முடிந்த கதை. இனி மிஞ்சியது சின்ன வேலை, ஆனால் கடினமான வேலை: குமரியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் எந்த நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் பதிவோடும் கொடியோடும் போவதற்கு வழி செய்வது. கொடி வேண்டியது அணிவகுப்பில் நிற்கும் போர்க்கப்பலுக்கு மட்டுமல்ல. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், வலை இழுத்த களைப்பில் தூங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேருக்கும்தான்.